கதறலும் உழைப்பும்: ஜோன் லெனனின் 1970ஆம் ஆண்டு இசைத்தட்டு பற்றிய ஒரு மறுநோக்கு

பொப் இசை என்றும் துள்ளிசை என்றும் நம்மிடையே வழங்கிவரும் இசைவகையினை ஆராயப் புகுந்த முற்போக்கு விமர்சகர் பெரும்பாலும் இரண்டில் ஒரு நிலைப்பாட்டினையே மேற்கொண்டு வந்துள்ளனர். அது முதலாளித்துவப் பண்பாட்டுத் தொழிற்றுறையின் சரக்கு, ஆதலின் ஆய்வுக்குரியதன்று என ஒதுக்கியோர் ஒரு சாரார். 1941இல் அடோர்னோ வெகுசன இசை பற்றி எழுதிய கட்டுரையே இவர்களுக்குப் பிரமாணம். (அடோர்னோவைக் குறைகூறுவது எமது நோக்கமன்று, அவரை அரைகுறையாகப் படித்தோரையே குறிப்பிடுகின்றோம்.) பாடலின் சொற்களிலே போரெதிர்ப்போ வறியோர்பால் பரிவோ தென்படின் அவ்வளவிலேயே அதனை முற்போக்கானது எனப் பாராட்டி அமைந்தோர் மறுசாரார். இவ்விரு சாராரும் தம்மையறியாமலே ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர். ஒரு பாட்டு யாருடைய உழைப்பினால், எத்தகைய உற்பத்தி உறவுகளின் கீழ் ஆக்கப்பட்டது, அவ்வுழைப்பின் சுவடு பாட்டின் உருவத்திலே எங்ஙனம் பதிந்துள்ளது என்னும் வினா இருவருக்கும் எழுவதில்லை.

இவ்வினாவினை முன்வைத்து நோக்குவதற்கு ஏற்றதோர் ஆக்கமாக, ‘ஜோன் லெனன்/பிளாஸ்ரிக் ஓனோ பான்ட்’ என்னும் பெயரில் 1970 டிசம்பர் 11ஆந் திகதி அப்பிள் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டினை எடுத்துக்கொள்கின்றோம். பீற்றில்ஸ் குழுவின் பாடகருள் ஒருவரான லெனன், குழு சிதைந்த ஆண்டிலே தம் பெயரில் வெளியிட்ட பாடற்றட்டு இது. யோக்கோ ஓனோவுடன் அவர் அதற்கு முன் வெளியிட்ட பரிசோதனைத் தட்டுகளையும் 1969இன் மேடைப் பதிவினையும் விலக்கிப் பார்த்தால், இதுவே அவரது முதலாவது தனித்தட்டு எனலாம். தாயின் மரணம், தந்தையின் பிரிவு, தனிமை, நம்பிக்கையிழப்பு ஆகியனவே இதன் பொருள். எனவே, ‘குட்டி பூர்ஷுவாத் தனிமனிதவாதத்தின் புலம்பல்’ என்று ஒரே வாக்கியத்தில் இதனைத் தீர்த்துவிடுதல் எளிது. நாமும் சில காலம் அவ்வாறே கூறிவந்தோம். அத்தீர்ப்பு முற்றிலும் பிழையானதன்று. ஆனால் அது சொற்களை மாத்திரம் கேட்டு வழங்கப்பட்ட தீர்ப்பு. பாடலுக்குக் குரலும் உண்டு என்பதனை மறந்த தீர்ப்பு. அதனைத் திருத்திக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் குரலின் வரலாற்றினைச் சிறிது பின்னோக்கிப் பார்க்கவேண்டும். 1963 பெப்ரவரி 11ஆந் திகதி, இலண்டன் அபே வீதியிலுள்ள ஈ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்திலே பீற்றில்ஸ் நால்வரும் காலை தொடக்கம் இரவுவரை பணியாற்றி, தமது முதல் நீண்ட இசைத்தட்டுக்கென ஒரே நாளிற் பத்துப் பாடல்களைப் பதிவு செய்தனர். லெனனுக்கு அன்று தடிமன் பிடித்திருந்தது. ‘ருவிஸ்ற் அன்ட் ஷவுற்’ என்னும் பாடல் நாளின் இறுதிக்கென ஒதுக்கிவைக்கப்பட்டது. காரணம் வெளிப்படையானது: அதனைப் பாடியபின் தொண்டை வேறு பாடலுக்கு உதவாது என்பதனைத் தயாரிப்பாளர் அறிந்திருந்தார். வெளிவந்தது முதலாம் முறை பாடியதன் பதிவே. அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஐஸ்லி சகோதரர்கள் அதற்கு முந்திய ஆண்டிற் பாடிப் புகழீட்டிய பாடல் அது. அதன் கூவலும் கதறலும் கறுப்பு மக்களின் தேவாலய இசையிலே வேர்கொண்டவை. இலட்சக்கணக்கான இளைஞர் அதனைக் களிப்பின் குரலாகக் கேட்டனர். ஆயின் அது, ஒரு முழுநாள் உழைப்பின் ஈற்றில், தேய்ந்த தொண்டையிலிருந்து பிழிந்தெடுக்கப்பட்ட குரல். ஈ.எம்.ஐ. நிறுவனத்துடன் 1962இற் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, விற்பனையாகும் சிறிய தட்டு ஒன்றுக்குக் குழுவினருக்குக் கிடைத்தது ஒரு பென்னி. பவுணில் இருநூற்று நாற்பதில் ஒரு பங்கான அதனையே நால்வரும் பகிர்ந்துகொள்ளவேண்டியிருந்தது.

இச்செய்திகள் இரசிகர் திரட்டும் துணுக்குகள் போலத் தோன்றலாம். எமது நோக்கில் இவை அடிப்படையானவை. பாடகன் விற்பது தன் உழைப்புச் சக்தியை. அச்சக்தி உறைவது அவனது தொண்டையிலே. ஆலைத் தொழிலாளியின் கை தேய்வதுபோல அதுவும் தேயும். ஆனால், தேய்வின் ஒலியே இங்கு சரக்கின் கவர்ச்சியாகவும் அமைந்துவிடுகின்றது. வேறெந்தத் தொழிலிலும் காண்டற்கரிய நிலைமை இது.

1970ஆம் ஆண்டுத் தட்டின் தொடக்கப் பாடலான ‘மதர்’ இந்தப் பின்னணியிலேயே கேட்கப்படவேண்டியது. சாவுமணியை நினைவூட்டும் மணியோசை ஒன்று வேகங் குறைக்கப்பட்டு ஒலித்து ஓய, பாடல் தொடங்குகின்றது. லெனனின் தாய் ஜூலியா 1958 ஜூலையில், கடமையில் இல்லாத பொலிஸார் ஒருவர் செலுத்திய கார் மோதி இறந்தார். தந்தை கப்பற் பணியாளர். மகனின் குழந்தைப் பருவத்திலேயே பிரிந்து சென்றவர். இவ்விருவரையும் விளித்துத் தொடங்கும் பாடல், இறுதிப் பகுதியிலே சொற்களை ஏறத்தாழக் கைவிட்டுக் கதறலாக மாறுகின்றது. நம்மூர் ஒப்பாரியுடன் ஒப்பிட்டால் இதன் தன்மை தெளிவாகும். ஒப்பாரி சொல்லுகின்ற பெண் தன் சொந்தத் துயரையே சொல்லி அழுதாலும், அவள் கையாளும் வாய்பாடுகள் ஊருக்குப் பொதுவானவை. சூழ இருப்போர் கட்டியணைத்து உடன் அழுவர். துயரம் சமூகத்தால் ஏற்கப்பட்டுப் பங்கிடப்படும். ‘மதர்’ பாடலில் உடன் அழ எவரும் இலர். துணைப் பாடகர் இல்லை. நரம்பிசைக் குழு இல்லை. பியானோ, கிளவுஸ் வோர்மனின் பாஸ் கிற்றார், றிங்கோ ஸ்ராரின் முரசு ஆகியவற்றுக்கிடையே ஒரு தனிக்குரல் வெறுமையில் மோதித் திரும்புகின்றது. சடங்கினை இழந்துவிட்ட ஒரு சமூகத்தின் ஒப்பாரி இது எனலாம்.

இக்கதறலின் தோற்றுவாய் ஆதர் ஜனொவ் என்னும் உளச்சிகிச்சையாளரே என்பது வழக்கமாகக் கூறப்படும் விளக்கம். அவரது நூல் 1970இல் வெளிவந்தது. அவ்வாண்டில் லெனனும் ஓனோவும் அவரிடம் சில மாதங்கள் சிகிச்சை பெற்றதும் உண்மையே. குழந்தைப் பருவ வேதனையை மீள வாழ்ந்து கதறித் தீர்த்தால் நோய் நீங்கும் என்பது அச்சிகிச்சையின் கொள்கை. சமூக நோயினைத் தனிமனிதனின் தொட்டிலிலே தேடும் இத்தகைய கொள்கைகள் வசதிபடைத்தோரிடையே அக்காலத்திற் செல்வாக்குப் பெற்றமை வியப்பன்று. ஆனால் காலவரிசை இவ்விளக்கத்துக்கு முற்றும் இடந்தரவில்லை. 1969 ஒக்ரோபரில் வெளிவந்த ‘கோல்ட் ரேர்க்கி’ பாடலிலேயே இக்கதறல் கேட்கின்றது. அப்பொழுது ஜனொவின் நூல் வெளிவந்திருக்கவில்லை. ஓனோ தமது குரற் பரிசோதனைகளில் அதற்கு முன்னரே கதறலை ஓர் இசைக் கருவியாகக் கையாண்டவர். அதற்கும் முன்னே 1963இன் தேய்ந்த தொண்டை இருக்கின்றது. எனவே ஜனொவ் கதறலைக் கற்பிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த கதறலுக்கு ஒரு குடும்பக் கதையை வழங்கினார் என்பதே பொருந்தும். களிப்பு என்ற பெயரில் ஏழாண்டு காலம் விற்கப்பட்ட ஒலி, களிப்பின் போர்வை நீங்கியதும் வேதனையின் ஒலியாக வெளிப்பட்டது. லெனன் அதற்குத் தாய் தந்தையரைக் காரணங் காட்டினார். தொண்டையோ வேறொரு வரலாற்றையும் உடன் கூறுகின்றது.

குரலில் உழைப்பைக் கேட்பது விமர்சகரின் விருப்பக் கற்பனையே என ஒருவர் தடை எழுப்பலாம். பாடகரின் எண்ணத்தில் அது இருந்ததென நாம் கூறவில்லை. கலைஞன் அறிந்து கூறுவதற்கும் அவனது ஆக்கம் வெளிப்படுத்துவதற்கும் இடையே இடைவெளி இருக்கக்கூடும் என்பதனை, மார்கிறட் ஹார்க்னெஸுக்கு 1888இல் எழுதிய கடிதத்தில் பால்ஸாக்கை முன்வைத்து ஏங்கல்ஸ் விளக்கியுள்ளார். பாடலின் விடயத்தில் அவ்விடைவெளி சொல்லுக்கும் குரலுக்கும் இடையே அமைகின்றது.

தட்டின் நான்காவது பாடலான ‘வேர்க்கிங் கிளாஸ் ஹீரோ’ அத்தகைய இடைவெளியினை மிகக் கூர்மையாகக் காட்டுவது. தொழிலாளி வர்க்க நாயகன் என்று பொருள்படும் தலைப்புடைய இப்பாடலில் ஒரு கிற்றாரும் ஒரு குரலும் தவிர வேறொன்றும் இல்லை. பிறந்த கணம் முதல் ஒரு மனிதன் எங்ஙனம் சிறுமைப்படுத்தப்பட்டு, அச்சுறுத்தப்பட்டு, அடங்கிய பிரசையாக வார்க்கப்படுகின்றான் என்பதே பொருள். வீடு, பாடசாலை, சமயம், பாலியல், தொலைக்காட்சி என வார்ப்பு நிகழும் களங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. அதே 1970ஆம் ஆண்டிலே பாரிஸில் லூயி அல்துசர், கருத்தியல் அரச சாதனங்கள் பற்றிய தமது கட்டுரையை வெளியிட்டார் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. குடும்பம், கல்வி, சமயம், வெகுசனத் தொடர்பு என்பன அவரது பட்டியலிலும் உள. ஒருவரை மற்றவர் அறிந்திருக்கவேண்டிய தேவையில்லை. 1968இன் எழுச்சிகள் தணிந்தபின், அதிகாரம் ஏன் வீழவில்லை என்னும் வினா ஐரோப்பாவின் காற்றிலேயே இருந்தது.

ஆனால் ஒற்றுமையைக் காட்டி அமைவதிற் பயனில்லை. வேற்றுமையே முக்கியமானது. அல்துசரின் கட்டுரை உழைப்புச் சக்தியின் மறுவுற்பத்தியில் தொடங்குகின்றது. பாடசாலை ஏன் பாடசாலையாக இருக்கிறது என்பதற்கான விடை தொழிற்சாலையில் உள்ளது என்பதனை அது மறப்பதில்லை. லெனனின் பாடலிலோ தொழிற்சாலை இல்லை, துறைமுகம் இல்லை, கூலி இல்லை, வேலைநிறுத்தம் இல்லை. இருபது ஆண்டுகள் வதைபட்ட இளைஞன் ஏதேனுமொரு தொழிலைத் தெரிந்தெடுக்குமாறு கேட்கப்படுகின்றான். உழைப்பு அங்ஙனம் ஒரு தெரிவாக மாத்திரமே எட்டிப்பார்த்து மறைகின்றது. தொழிலாளியின் பெயரைத் தாங்கிய பாடலில் எவரும் உழைப்பதில்லை! வதைப்போர் யாவர் என்பதும் கூறப்படுவதில்லை. ‘அவர்கள்’ என்னும் படர்க்கைப் பன்மையிலே முதலாளியும் ஆசிரியரும் பெற்றோரும் வேறுபாடின்றி ஒளிந்துகொள்கின்றனர்.

இதற்குச் சமூகக் காரணம் உண்டு. பீற்றில்ஸ் நால்வருள் ஹரிசனும் மக்காட்னியும் நகரசபை வீடுகளில் வளர்ந்தோர். றிங்கோ டிங்கிள் பகுதியின் வறிய தெருவொன்றிற் பிறந்தவர். லெனன் தம் பெரியம்மாவின் பராமரிப்பில், வூல்ற்றன் பகுதியிலே, பெயர் சூட்டப்பட்ட ஒரு மத்தியதர வர்க்க வீட்டில் வளர்ந்தவர். தெரிவுப் பரீட்சையின் வழி அனுமதி வழங்கும் குவாரி பாங்க் பாடசாலை, பின்னர் லிவர்பூல் கலைக் கல்லூரி என்பன அவர் சென்ற பாதை. றிச்சர்ட் ஹொகர்ற் 1957இல் வெளியிட்ட நூலிலே விரிவாக வருணித்த புலமைப்பரிசில் மாணவனின் நிலை இதற்கு அணித்தானது: பிறந்த வர்க்கத்தின் வெளியிலும் நுழைந்த வர்க்கத்தின் வாயிலிலும் நின்று இரண்டையும் சந்தேகிப்பவன். அத்தகையோனுக்கு வர்க்கம் என்பது உழைப்பினிடத்து எழும் உறவாகவன்றி, வகுப்பறையிற் பட்ட அவமானமாகவே முதலில் அனுபவமாகின்றது. தாரிக் அலியும் றொபின் பிளக்பேணும் 1971 ஜனவரியிற் கண்டு உரையாடி ‘றெட் மோல்’ ஏட்டில் வெளியிட்ட நேர்காணலில், தாம் சிறுவயது முதலே வர்க்க உணர்வுடையவர் என லெனன் கூறியது பொய்யன்று. அவ்வுணர்வு எவ்விடத்திலிருந்து எழுந்தது என்பதே கேள்வி. அவ்வுரையாடல் அஸ்கொட் அருகே அவருக்குச் சொந்தமான பெரிய மாளிகையில் நிகழ்ந்தது என்பதனையும் குறிப்பிடவேண்டும், எள்ளுதற்காகவன்று.

இப்பாடல் பற்றி மேலும் இரண்டு செய்திகள். பாடலில் வரும் வசைச்சொல் ஒன்றினை, தட்டின் உறையில் அச்சிடப்பட்ட வரிகளிலிருந்து நீக்கவேண்டுமென ஈ.எம்.ஐ. வற்புறுத்தியது, அச்சில் நீங்கிய சொல் ஒலியில் அப்படியே இருந்தது. மற்றையது, ஒரே மூச்சிற் பாடப்பட்ட நேர்மையான வாக்குமூலம் போன்று தோன்றும் இப்பாடலின் நடுவிலே ஒலிநாடா வெட்டி ஒட்டப்பட்டுள்ளது. கூர்ந்து கேட்போர், கிற்றாரின் நாதம் திடீரென மாறுவதனை உணர்வர். நிர்வாணமான குரல் என இத்தட்டினைப் புகழ்வோர் இதனை மறந்துவிடலாகாது. பில் ஸ்பெக்ரரின் பெயர் தயாரிப்பாளர் வரிசையில் உண்டு. எதிரொலி பல பாடல்களிலே தாராளமாகப் பயன்படுத்தப்பட்டுள்ளது. எளிமையும் இங்கு ஆக்கப்பட்ட ஒன்றே. அதனாற் குறையொன்றும் இல்லை. தம் குரலை விரும்பாது, அதனை மறைத்துத் தருமாறு பீற்றில்ஸ் காலத்தில் ஒலிப்பதிவாளரை ஓயாது கேட்டுவந்த ஒருவர், அத்திரையைப் பெருமளவு விலக்க ஒருப்பட்டமை இத்தட்டின் உண்மையான துணிவு.

‘கோட்’ என்னும் பாடலை நோக்குவோம். கடவுள் என்ற கருத்தினை மனித வேதனையுடன் தொடர்புபடுத்தித் தொடங்கும் இதன் முதற்பகுதி, சமயத் துன்பத்தை உண்மைத் துன்பத்தின் வெளிப்பாடாகக் கண்ட 1844ஆம் ஆண்டு மார்க்ஸுக்குத் தொலைவிலில்லை. தொடர்ந்து, பாடகர் தாம் நம்பாதவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சுட்டி மறுக்கின்றார். மந்திர வித்தை, விவிலியம், ஹிட்லர், இயேசு, கெனடி, புத்தர், கீதை, யோகம், மன்னர், எல்விஸ் எனச் செல்லும் பதினைந்து மறுப்புகளின் ஈற்றில் பீற்றில்ஸ் வருகின்றது. தாமே ஒரு விக்கிரகமாக இருந்த ஒருவர் அவ்விக்கிரகத்தை உடைப்பதைக் காண்கையில் உள்ளம் அசையாதிருக்க முடியாது. இன்றும் எமக்கு அவ்விடம் மெய்சிலிர்ப்பைத் தருகின்றது. எனினும் பட்டியலை மீளவும் வாசிக்கவேண்டும். ஹிட்லரும் புத்தரும் சமமாக நிறுத்தப்பட்ட அப்பட்டியலில் நிறுவனம் எதுவும் இல்லை. ஈ.எம்.ஐ. இல்லை, அப்பிள் இல்லை, பாடல்களின் உரிமையை வைத்திருந்த நோதேர்ன் சோங்ஸ் கம்பனி இல்லை. அக்கம்பனி 1965இல் இலண்டன் பங்குச் சந்தைக்கு வந்து, 1969இல் ஏ.ரி.வி. நிறுவனத்தின் கைக்கு மாறியதால், லெனனும் மக்காட்னியும் தாம் எழுதிய பாடல்களின் மீதான கட்டுப்பாட்டினை இழந்தனர். அதற்கு அடுத்த ஆண்டிலேயே இப்பாடல் எழுகின்றது. தெய்வங்கள் யாவும் வீழ்கின்றன, சொத்துடைமை வீழவில்லை. எஞ்சுவோர் பாடகரும் அவர் மனைவியும்.

இசைத்தட்டு வெளியாகி இருபது நாட்களில், 1970 டிசம்பர் 31ஆந் திகதி, பீற்றில்ஸ் பங்குடைமையைக் கலைக்குமாறு கோரி மக்காட்னி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். கூட்டுழைப்பு ஒன்று அதன் சொத்து வடிவத்தின் வழியே சிதைந்தது. தனித்தட்டு என்னும் வடிவத்தினையே இதனோடு இணைத்து நோக்கலாம். நால்வர் சேர்ந்து ஆக்கியதன் புகழ், தனித்தனி ஆளுமைகளின் மேதைமையாகப் பிரித்து எழுதப்படும் கட்டம் அது. இத்தட்டிலும் உழைத்தோர் பலர். றிங்கோவின் முரசு இல்லாத ‘மதர்’ பாடலை எண்ணிப் பார்க்கவியலாது. ‘கோட்’ பாடலின் பியானோ பெரும்பகுதி பில்லி பிறெஸ்ரனுடையது. ஆயினும் ஒருவரது அந்தரங்கமாகவே இது சந்தைக்கு வந்தது.

பின்னர் நிகழ்ந்ததைச் சுருக்கமாகக் கூறலாம். ‘றெட் மோல்’ நேர்காணலைத் தொடர்ந்து எழுந்த ‘பவர் ரு த பீப்பிள்’ 1971 மார்ச்சில் வெளியாயிற்று. அவ்வாண்டின் ‘இமாஜின்’, தொழிலாளி வர்க்க நாயகன் பாடலுக்குச் சீனி பூசியதே என லெனன் மக்காட்னிக்கு எழுதிய பகிரங்கக் கடிதமொன்றிற் கூறினார். 1972இன் ‘சம் ரைம் இன் நியூயோர்க் சிற்றி’ சிறைக் கலகம், அயர்லாந்து, பெண்விடுதலை என வெளிப்படையான அரசியலைப் பாடியது. அதன் நிலைப்பாடுகள் பலவற்றுடன் நாம் உடன்படுகின்றோம்; பாடல்கள் நலிந்தவை என்பதனையும் ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. இதிலிருந்து அரசியல் கலையைக் கெடுக்கும் என்னும் பழைய பல்லவியைப் பாட முனைவோர்க்கு எம் விடை எளிது. 1970இன் தட்டில் முரண்பாடு குரலுக்குள் இருந்தது. 1972இல் அது செய்தித்தாளின் தலைப்புகளில் இருந்தது. நோக்கு, நிகழ்விலிருந்தும் செயலிலிருந்தும் தானாக எழவேண்டும் என மின்னா கவுற்ஸ்கிக்கு 1885இல் ஏங்கல்ஸ் எழுதியது இங்கும் பொருந்தும்.

லெனன் 1980 டிசம்பர் 8ஆந் திகதி நியூயோர்க்கிற் சுட்டுக்கொல்லப்பட்டார். வூல்ற்றன் வீட்டினை 2002இல் ஓனோ வாங்கித் தேசிய மரபுரிமை அறக்கட்டளைக்கு வழங்கினார். இப்பொழுது அங்கு கட்டணம் செலுத்திச் சென்று பார்க்கலாம். தொழிலாளி வர்க்க நாயகன் என்னும் தொடர் 2005இல் ஒரு பாடற்றிரட்டின் விற்பனைப் பெயராயிற்று. 2021இல் எமது ஆய்வுக்குரிய தட்டே ஆறு இறுவட்டுகளும் இரண்டு புளூ-ரே வட்டுகளும் கொண்ட பேழையாக மீள வெளியிடப்பட்டது. பாடல் உருவான படிகளை ஒத்திகை முதல் கேட்க வாய்ப்பளிப்பதால் ஆய்வாளருக்கு அது பயனுடையது. மறைந்திருந்த உழைப்பு அதில் வெளித்தெரிகின்றது. வெளித்தெரிவதற்கும் ஒரு விலை வைக்கப்பட்டுள்ளது.

இறுதியாக ஒன்று. இத்தட்டு வெளிவந்த அதே நாளில், ஏறத்தாழ அதே உறைப்படத்துடன், அதே இசைக்கலைஞர் சிலரின் பங்களிப்புடன், யோக்கோ ஓனோவின் தட்டும் வெளிவந்தது. இரண்டு உறைகளிலும் மரநிழலில் இருவர் சாய்ந்திருக்கின்றனர். யார் யார் மேற் சாய்ந்துள்ளார் என்பதே வேறுபாடு. லெனனின் கதறலுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக விளக்கம் தேடிவந்த விமர்சகருட் பெரும்பாலோர் ஓனோவின் கதறலை ஓசைக் கேடென்றே ஒதுக்கினர். அங்கு தாய் பற்றிய கதை இல்லை. பல இடங்களிற் சொற்களே இல்லை. குரலினை உழைப்பாகக் கேட்கும் நோக்குக்கு அத்தட்டு இதனைவிடக் கடினமான சோதனையாக அமையும். அதனைப் பிறிதொரு கட்டுரையில் ஆராய எண்ணியுள்ளோம்.